பின் கதவு எவ்வளவு திறக்க வேண்டும்

அடுத்தவர் காரில் ஏறினால் எனக்கு இருப்புக் கொள்ளாது. கதவை ஒருமுறை சாத்துவேன். சரியாகச் சாத்தவில்லை என்பதுபோல் திறந்து இன்னொருமுறை சாத்துவேன். கண்ணாடியை இறக்கி ஏற்றுவேன். முன் சீட்டின் முதுகை முட்டியால் தட்டிப் பார்ப்பேன். சொந்தக்காரர்கள் என்னைத் தங்கள் வண்டியில் ஏற்றிக்கொள்ளத் தயங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். கல்யாண வீடுகளுக்குப் பெரும்பாலும் பஸ்ஸில்தான் போகிறேன்.

எல்லாம் வேலையால் வந்த வியாதி. ஒரகடத்தில் கார் செய்யும் இந்தியக் கம்பெனி ஒன்றில் பல வருடங்களாக இன்ஜினியராக இருக்கிறேன். நான் இருந்த பிரிவின் வேலை, போட்டிக் கம்பெனியின் வண்டியைக் கடையில் வாங்கி வந்து, ஸ்குரூ ஸ்குரூவாகப் பிரித்து, எடை போட்டு, மேஜைகளில் பரப்பி, அவன் என்ன செய்திருக்கிறான் என்று எழுதுவது. அவன் என்றால் வெளிநாட்டுக்காரன். ரிப்போர்ட்டில் 'போட்டி வாகனம்' என்று மரியாதையாக எழுதுவோம். பேச்சில் 'அவன் வண்டி'தான்.

அவனுடைய தொழிற்சாலையும் இதே பக்கம்தான் இருக்கிறது. காலையில் அவன் கம்பெனி பஸ்ஸும் எங்கள் கம்பெனி பஸ்ஸும் ஒரே சிக்னலில் பக்கம் பக்கமாக நிற்கும். வல்லம் வடகாலில் எங்களுக்கு ரப்பர் செய்து தருகிற சப்ளையர் அடுத்த ஷெட்டில் அவனுக்கும் செய்கிறார், ஆனால் அங்கே என்ன நடக்கிறதென்று மூச்சு விடமாட்டார். இரும்பு ஒரே இரும்பு. லைனில் நிற்கும் பிள்ளைகள் ஒரே ஐடிஐ படித்தவர்கள். அப்படியிருந்தும் டிக்கி தனியாக நீண்டிருக்கிற குடும்பக் கார், செடான் வேண்டும் என்று கிளம்புகிற ஆள் நேராக அவன் ஷோரூமுக்குப் போகிறார். எங்களிடம் உயரமான வண்டி வாங்குவார், லாரி வாங்குவார், செடான் வாங்கமாட்டார். "உங்க வண்டி ஸ்ட்ராங்குங்க, ஆனா..." என்று இழுப்பார்கள். அந்த 'ஆனா' என்ன என்று கண்டுபிடிக்கத்தான் எங்களுக்குச் சம்பளம். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே எரிச்சல் வரும்.

புது செடான் ஒன்று செய்யப்போகிறோம் என்று முடிவானபோது நான் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டேன். பின் கதவு.

காரணம் அம்மா. ஸ்ரீபெரும்புதூரில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். இரண்டு முட்டியும் மடங்காது. தண்டலம் பக்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றிலிருந்து கிளம்பும்போது, அண்ணனின் டிராவல்ஸ் வண்டிகள் சவாரிக்குப் போயிருந்ததால் வாடகைக்கு எடுத்த செடானின் பின் சீட்டில் ஏறப்போய், பாதி உள்ளே பாதி வெளியே மாட்டிக்கொண்டார். ஒரு கால் கதவுக்கும் சீட்டுக்கும் நடுவே சிக்கியது. அண்ணன் உள்ளிருந்து கையைப் பிடித்து இழுத்தான், நான் வெளியிலிருந்து இடுப்பைத் தள்ளினேன். பன்னீர் தெளிக்க நின்றிருந்த பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ சிரித்தார்கள். அன்றிலிருந்து அம்மா வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. பஸ் படி ஏற முடியாது, ஆட்டோ குலுக்கல் தாங்காது, காரைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். டாக்டரைக்கூட வீட்டுக்கு அழைத்து வரவேண்டியிருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. பிழைப்பே கார்தான், பெற்றவளை ஒரு காரில் ஏற்றத் துப்பில்லை.

அதனால் கிருத்திகை வந்தால் வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்குப் போய், சந்நிதிக்குப் போகாமல் வண்டி நிறுத்துமிடத்தில் நின்றேன். "கோயிலுக்குப் போறதுக்கு ஆபீஸ் டியூட்டி கேக்குதியேம்மா, பிரசாதம் எனக்கா கம்பெனிக்கா?" என்று என் மேலதிகாரி கேட்டார். திருநெல்வேலிக்காரர். கிண்டல் செய்துகொண்டேதான் கையெழுத்துப் போடுவார்.

அங்கே நின்று பார்த்ததை எந்த ரிப்போர்ட்டிலும் நான் படித்ததில்லை. சேலை கட்டிய பெண்கள் காருக்குள் முதலில் காலை வைப்பதே இல்லை. வண்டிக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள். ஒரு கையால் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கதவின் மேல்விளிம்பைப் பற்றி, பின்னாலேயே சாய்ந்து சீட்டில் உட்காருவார்கள். பிறகு காலை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி உள்ளே வைப்பார்கள். வேட்டி கட்டிய பெரியவர்களும் இப்படித்தான். அந்த நேரத்துக்குக் கதவுதான் அவர்களுக்குக் கைத்தடி. அந்தக் கதவோ பாதிதான் திறந்திருக்கும், பிடித்தால் நகரும். முட்டி இடிக்கும், தலை இடிக்கும், அர்ச்சனைக் கூடையிலிருந்து தேங்காய் உருண்டு ஓடும். வெளிநாட்டில் இந்தக் கதவை வரைந்தவன் கொசுவம் என்று ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்டிருக்கமாட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் கேள்விப்பட்டிருக்கிறோமே, நாங்கள் என்ன கிழித்தோம்?

நான் கேட்டது இவ்வளவுதான். பின் கதவு கிட்டத்தட்ட செங்கோணத்துக்குத் திறக்க வேண்டும். நிறுத்திய இடத்தில் நிற்க வேண்டும், மேலே சாய்ந்தாலும் அசையக்கூடாது. பல மீட்டிங்குகளில் சண்டை போட்டு அதை வாங்கினேன். "சரி, ஒங்கம்மா கதவு" என்று மேலதிகாரி அதற்குப் பெயரே வைத்துவிட்டார்.

அதே சமயத்தில் அவன் வண்டி ஒன்றை வாங்க வேண்டியிருந்தது. கம்பெனி பெயரில் புக் செய்தால் நாங்கள் எதைப் பிரிக்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அதனால் ஊழியரின் உறவினர் யாராவது பெயரில் வாங்கி, பிறகு மாற்றிக்கொள்வது எங்கள் வழக்கம். அந்தமுறை என் அண்ணன் பெயர். அண்ணன் டிராவல்ஸ் வைத்திருக்கிறான், நாலு வண்டி ஓட்டுகிறான், ஷோரூமில் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். வண்டியை எடுத்து, வல்லக்கோட்டைக்கு ஓட்டிப்போய் பூஜை போட்டு, சந்தனப் பொட்டோடு கொண்டுவந்து எங்கள் கேட்டில் விட்டான். பிரித்துப் போடப்போகிற வண்டிக்கு எதற்குப் பூஜை என்று நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

முதல் நாள் மேலதிகாரி வந்தார். கதவைத் திறந்து விட்டார். சாத்தினார். 'தொப்'பென்று கனமான, அடங்கிய ஒரு சத்தம். எங்கள் கதவைச் சாத்தினால் அது எவர்சில்வர் டப்பா மூடி. அவர் மறுபடி சாத்தினார். எங்கள் பிரிவின் ஏழு பேரும் கிட்டே வந்து நின்றோம்.

"இதாம்லா அந்த 'ஆனா'" என்றார்.

அன்றைக்கு அந்தச் சத்தம் எங்களைப் பிடித்துக்கொண்டது. கதவுகளைப் பிரித்தோம். தகட்டின் உள்பக்கம் முழுக்க கறுப்பு டாம்பிங் ஷீட் ஒட்டியிருந்தது. தகடு அதிராமல் இருக்க ஒட்டும் தார் போன்ற ஷீட் அது. கதவின் ஓரத்தில் ஒன்றுக்கு இரண்டாக ரப்பர் பீடிங். எடை போட்டோம், படம் எடுத்தோம். பின் கதவில் ஒரு ஷீட் மட்டும் ஓரத்தில் கோணலாக வெட்டப்பட்டிருந்தது. எங்கள் சப்ளையர் அப்படி அனுப்பியிருந்தால் அன்றே திருப்பி அனுப்பியிருப்போம். இது அவன் வண்டி. அவன் கோணலாக வெட்டினால் ஏதாவது காரணம் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். ஓரம் நேராக இருந்தால் அதிர்வு ஒரே சீராகச் சேர்ந்துகொள்ளும், கோணலாக இருந்தால் சிதறிவிடும் என்று அந்தக் கோணலுக்கு ஒன்றரைப் பக்கம் விளக்கம் எழுதினேன். ஆமாம், எழுதியது நான்தான். அந்தப் பக்கங்களைத் தலைமை அலுவலகத்தில் பாராட்டினார்கள்.

வல்லம் வடகால் சப்ளையரிடம் அதே கோணலில் வெட்டுவதற்கு அச்சு செய்யச் சொன்னோம். "மேடம், நேரா வெட்னா வேஸ்ட்டு கம்மியாவுமே" என்று அவர் தயங்கினார். அவருக்கும் அதிர்வுப் பாடம் எடுத்தேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

ஒன்றரை வருடம் அந்தச் சத்தத்தைத் துரத்தினோம். ஒவ்வொரு வாரமும் ஒரு கதவு, இன்னொரு ஷீட், இன்னொரு பீடிங். இடையில் எத்தனையோ தடவை அதே மாடல் கால்டாக்ஸியில் ஏறியிருக்கிறேன். வழக்கம்போல் கதவை இரண்டுமுறை சாத்தியிருக்கிறேன். சத்தம் சுமாராகத்தான் இருந்தது. டாக்ஸிதானே, ரப்பர் தேய்ந்திருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். காதில் கேட்டதைவிட நான் எழுதிய ரிப்போர்ட்டை அதிகம் நம்பினேன்.

கடைசியில் சத்தம் வந்துவிட்டது. அச்சு அசல் அதே 'தொப்'. தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் வரிசையாக நின்று கதவைச் சாத்திப் பார்த்தார்கள். ஆனால் கதவு கனத்துவிட்டது. இரவும் பகலும் கதவைத் திறந்து மூடும் ஒரு இயந்திரம் எங்களிடம் உண்டு. அதில் போட்ட பின் கதவு நாளாக ஆகத் தொங்கத் தொடங்கியது. அகலத் திறந்து நிற்கிற கதவில் அவ்வளவு கனத்தைக் கீல் தாங்கவில்லை. பூட்டு உரசியது. கீலை மாற்றினால் அது பிடித்து நிற்கும் தூணையும் மாற்ற வேண்டும், தூணை மாற்றினால் பெரிய அச்சுகளையெல்லாம் மாற்ற வேண்டும். அதற்கு நேரமில்லை. சுலபமான வழி ஒன்றிருந்தது. கதவு திறக்கும் அகலத்தைக் குறைத்துவிடுவது. எல்லா வண்டியிலும் திறப்பதுபோல் பாதி.

அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி மீட்டிங், அதன்பிறகு எதையும் மாற்ற முடியாது என்று மெயில் வந்தது. மெயில் வந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. லைன் ஓரமாக நடந்தேன், கான்டீனில் உட்கார்ந்து எழுந்தேன், எதிரில் வந்தவர்களிடமெல்லாம் கீலைப் பற்றிப் பேசினேன். கேட்டவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

மீட்டிங்குக்கு முந்தைய ஞாயிறு மத்தியானம் அண்ணன் வீட்டில் இருந்தேன். தட்டில் சோறு இருந்தது, நான் கூடத்தில் நடந்துகொண்டிருந்தேன்.

"இன்னா பாப்பா, துன்னாம சுத்திகினு கீறே?" என்றான் அண்ணன். நரைத்த பிறகும் நான் அவனுக்குப் பாப்பாதான்.

"உனக்குப் புரியாதுண்ணா. நீ வாங்கிக் குடுத்த வண்டி இல்ல, அந்த டோருக்குள்ள அவன் எவ்ளோ ஷீட்டு வெச்சிருக்கான் தெரியுமா? அதே மாதிரி நாங்களும் வெச்சு கதவு தொங்கிப் போச்சு."

அவன் அப்பளத்தை ஒடித்தான். "தெரியாம இன்னா? நான்தான போட்டேன்."

"எத?"

"ஷீட்டுதான். ஷோரூம்லேர்ந்து எடுத்துகினு வந்ததும் பஜார்ல நம்ம அக்சசரீஸ் கடைக்கு வுட்டேன். நாலு டோருக்கும் டாம்பிங்கு, டபுள் பீடிங்கு. மொத்தமா போட்டுத்தான் கோயிலுக்கே ஓட்டிகினு போனேன்."

நான் நடப்பதை நிறுத்தினேன்.

"ஏண்ணா போட்ட?"

"ஏன்னா? தங்கச்சி கம்பெனிக்குப் போற வண்டி. என் பேர்ல போவுது. அங்க நாலு பேரு திறந்து பாப்பாங்கோ. வெறும் தகரமா அனுப்புவனா? சீர் வெக்கறச்ச வெறுந்தட்டா வெப்பாங்க?"

"அத சொல்லக்கூடாதா?"

"செஞ்சத சொல்லிக் காட்டுவாங்களா பாப்பா?"

அவன் முகத்தில் கள்ளம் துளிகூட இல்லை. எனக்கு அதுதான் இன்னும் கோபத்தைக் கிளப்பியது. ஒன்று மிச்சமிருந்தது. கேட்க வேண்டாம் என்று தோன்றியும் கேட்டேன். "பின் டோர்ல ஒரு ஷீட்டு கோணலா இருந்துதே?"

"அதுவா? கடைக்காரன் அவசரத்துல கத்தில வெட்டிட்டான். நான்கூட சண்ட போட்டேன். உள்ள கீறத எவன் பாக்கப்போறான்னான்."

நாங்கள் ஏழு பேர் பார்த்தோம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். ஒன்றரைப் பக்கம் எழுதினோம். அச்சு செய்தோம்.

நான் கத்தினேன். வருடக்கணக்கான வேலை போச்சு என்றேன், உன்னை யார் கேட்டார்கள் என்றேன், வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவன் எழுந்து கை கழுவப் போய்விட்டான். திரும்பி வந்து என்னைப் பார்க்காமல் தட்டை எடுத்துக்கொண்டு போனான். உள்ளறையிலிருந்து அம்மா, "இன்னாடி அவன்கிட்ட கத்தற? இன்னா பண்ணான் அவன்?" என்று கேட்டார். என்ன பண்ணினான் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கு மரியாதை செய்தான். அதன் கனத்தில்தான் அம்மாவுக்கான கதவு தொங்கிக்கொண்டிருந்தது. கோணலுக்குக் காரணம் கண்டுபிடித்துக் கையெழுத்துப் போட்டவள் நான். அவனிடம் கத்தியது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலையில் மேலதிகாரியின் அறைக்குப் போனேன். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று பஸ்ஸில் வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். யாருக்கும் தெரியப்போவதில்லை. பாராட்டு பாராட்டாகவே இருக்கும், பாதி திறக்கிற கதவோடு வண்டி வெளியே போகும். ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ் நின்றபோது பக்கத்தில் அவன் கம்பெனி பஸ் நின்றது. ஜன்னலோரம் ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். இவள் கம்பெனி செய்யாத கதவைப் பார்த்துத்தான் நாங்கள் காப்பியடித்தோம் என்று நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில்தான் துணிச்சல் வந்தது.

அவர் முழுக்கக் கேட்டார். பேனாவை மூடினார், திறந்தார். "ஏம்மா, இத இப்பவா வந்து சொல்லுத?"

"நேத்துதான் சார் தெரியும்."

"வா" என்று எழுந்தார்.

தண்டலத்தில் ஒரு காலேஜ் வாசலை ஒட்டி டாக்ஸி ஸ்டாண்டு இருக்கிறது. அதே மாடல், எடுத்துச் சில வாரமே ஆன வண்டி ஒன்று நின்றது. சீட்டின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அவர் பின் கதவைத் திறந்து சாத்தினார். எவர்சில்வர் டப்பா மூடி. நாலு தடவை சாத்தினார்.

"சார், எங்க போவணும்?" என்றார் டிரைவர்.

"எங்கயும் இல்லப்பா."

"அப்ப ஏன் சார் டோரப் போட்டு இந்த அடி அடிக்கறீங்க?"

மேலதிகாரி பின் சீட்டில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டு, "வெள்ளக்காரன்னு நெனச்சு ஸ்ரீபெரும்புதூர் பஜார் கடைக்காரன்ட்ட பாடம் படிச்சிருக்கோம். நல்லாத்தான் படிச்சிருக்கோம்" என்றார். திரும்பி வரும்போது, எங்கள் கேட்டை நெருங்குகையில் கேட்டார். "மீட்டிங்ல நீ சொல்லுதியா, நான் சொல்லட்டா? நான் சொன்னா ஒம் பேரு அடிபடாது."

"நானே சொல்றேன் சார்."

வெள்ளிக்கிழமை சொன்னேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன். சீர் என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வதென்று தெரியாமல் அண்ணனின் அன்பளிப்பு என்றேன். அறையில் யாரும் சிரிக்கவில்லை, அது சிரித்திருந்தால் வரும் வேதனையைவிட மோசமாக இருந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்படியானால் சத்தத்தில் நாம் ஏற்கனவே அவர்களைத் தாண்டிவிட்டோம், நல்ல செய்திதானே, அப்படியே இருக்கட்டும் என்றார். பின் கதவின் அகலம் பற்றிக் கேட்டேன். அவர்கள் வண்டியில் எவ்வளவு திறக்கிறது என்று திருப்பிக் கேட்டார். பாதி என்றேன். அவர்களே கொடுக்காததை நாம் எதற்குக் கொடுக்க வேண்டும் என்றார்.

அந்தக் கேள்வியைப் பல வருடமாக வேறு வேறு ஆட்கள் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். அன்றைக்கு என்னால் பொறுக்க முடியவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, பாதி ஆங்கிலத்திலும் பாதி தமிழிலும் பேசினேன். அவர்களிடம் இல்லாத ஒன்றை, இருக்கிறது என்று நம்பியதால் மட்டுமே நம்மால் செய்ய முடிந்திருக்கிறது. நமக்குச் செய்யத் தெரிகிற கை இருக்கிறது. நம் வீட்டில் இருப்பவர்கள் எப்படி ஏறி இறங்குகிறார்கள் என்று நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. நாம் முந்துவதற்கு இருக்கிற இடம் அது ஒன்றுதான், அதைப் போய் சத்தத்துக்காக வெட்டுகிறோம். இப்படித்தான் ஏதோ சொன்னேன்.

காப்பாற்றியது என் பேச்சு இல்லை, மேலதிகாரியின் குயுக்தி. அவர் மெதுவாக ஆங்கிலத்தில் கேட்டார். ஷோரூமில் வண்டி பார்க்க வருகிறவர் எந்தக் கதவைச் சாத்திப் பார்ப்பார்? டிரைவர் கதவை. மிஞ்சினால் பக்கத்துக் கதவை. சத்தம் முன் கதவுகளில் இருக்கட்டும். பின் கதவுகளில் பாதி ஷீட்டை உரித்துவிட்டால் கனம் குறையும், அகலமும் நிற்கும். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இயந்திரத்தில் போட்டுப் பாருங்கள், தொங்காவிட்டால் சரி என்றார்.

தொங்கவில்லை.

ஒரு மாதத்தில் என்னை வல்லம் வடகாலில் உள்ள உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றினார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. அனுபவம் உள்ள ஆள் தேவை என்றுதான் கடிதத்தில் இருந்தது. அந்தக் கோணல் ரிப்போர்ட்டில் என் கையெழுத்து இருக்கிறதே, வேறென்ன செய்வார்கள்? நியாயம்தான். ஆனால் பாராட்டும்போது ஏழு பேர் கையெழுத்தும் இருந்தது. இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை. கிடங்கில் பம்பர்களும் விளக்குகளும் அட்டைப்பெட்டியில் அடுக்கியிருக்கின்றன. பிரித்துப் பார்க்க அங்கே ஒன்றுமில்லை. வரிசைகளுக்கு நடுவே நடக்கிறேன்.

அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். கேட்கத் தொடங்குவதற்குள், "இன்னா சாப்புடறே?" என்றான். எங்கள் வீட்டில் அதற்குமேல் யாரும் எதையும் பேசுவதில்லை.

சோதனை ஓட்டத்துக்கு முதல் வண்டிகள் வெளிவந்த பிறகு, ஊழியர்களின் குடும்பங்களைத் தொழிற்சாலைக்குள் அழைத்து வண்டியைக் காட்டும் நாள் வந்தது. என்னையும் பட்டியலில் சேர்த்திருந்தார்கள், மேலதிகாரியின் வேலை என்று நினைக்கிறேன். அம்மா வரமாட்டேன் என்று மூன்று நாள் பிடிவாதம் பிடித்தார். கடைசியில் அண்ணன் தன் வேனின் நடு சீட்டைக் கழற்றிவிட்டு, அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்து, அவனும் கிளீனரும் இரண்டு பக்கம் பிடித்துக்கொண்டு கூட்டிவந்தார்கள். இறக்கும்போது அம்மா யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பந்தல் போட்டு நாலு வண்டி நிறுத்தியிருந்தார்கள். எல்லோரும் முன் கதவுகளைச் சாத்திச் சாத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வண்டியின் பின் கதவை நான் திறந்தேன். முழுக்கத் திறந்து நின்றது. உதவிக்குக் கை நீட்டினேன்.

"தள்ளி நில்லு" என்றார் அம்மா.

முதுகைக் காட்டி நின்றார். கொசுவத்தைப் பிடித்தார். கதவின் மேல்விளிம்பைப் பற்றி முழுப் பாரத்தையும் போட்டார். கதவு அசையவில்லை. உட்கார்ந்தார். வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தார், கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு இடது காலையும் வைத்தார். யாரும் தொடவில்லை. கதவைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அது அவர் கண்ணிலேயே படவில்லை. தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்க போறோம்?" என்று கேட்டார்.

வண்டிக்கு இன்னும் நம்பர் கிடையாது. கேட்டைத் தாண்ட அனுமதி இல்லை. பந்தலைவிட்டு நகர்த்துவதற்கே செக்யூரிட்டியிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். அண்ணன் என்னைப் பார்த்தான், நான் மேலதிகாரியைப் பார்த்தேன். அவர் சாவியை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, "கேட்டு வர போயிட்டு வாங்க. ஏதும் கேட்டா நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

போனோம். கான்டீன், பெயிண்ட் ஷாப், லாரிகள் நிற்கும் இடம். மாட்டு வண்டி வேகம்தான் இருக்கும். அம்மா ஜன்னல் வழியாக ஒவ்வொன்றையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். கேட்டில் வண்டி திரும்பியது. கம்பிக்கு அந்தப் பக்கம் ரோட்டில் பஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன. பந்தலுக்குத் திரும்பி வந்ததும் நான் இறங்கிப் போய் அந்தக் கதவை முழுக்கத் திறந்து பிடித்தேன்.

அம்மா இறங்கவில்லை. எதிரே பார்த்தபடி, "இன்னும் கொஞ்ச தூரம் போவச் சொல்லு" என்றார்.